பன்னிரண்டாம் நம்பர் மணி

ஐயா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் தங்கை கோமதி இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். மூன்றாம் தடவையும் வாசி என்றேன், மூச்சு வாங்குகிறது என்றாள். வயிற்றில் ஏழு மாதம், அவளைக் குறை சொல்ல முடியாது. பட்டணத்தில் டெலிபோன் நிலையத்தில் உன்னை ஒரு அறைக்குக் கூட்டிப் போனார்கள் என்றும், தரையிலிருந்து கூரை வரைக்கும் சுவர் தெரியாமல் வயராகவே இருந்தது என்றும், இனிமேல் இதைக் குழப்பம் இல்லாமல் வைத்துக்கொள்வது உன் பொறுப்பு என்று மேலதிகாரி சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய். "அப்பா, குற்றாலத்து லாட்ஜில் அத்தனை வயரையும் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் தலையிலேயே வைத்திருந்தீர்களே, அது எப்படி?" அந்த ஒரு வரிதான் என்னை நான்கு நாளாகச் சாப்பிட விடவில்லை. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுத்தும் தெரியாது, எழுதிய எண்ணும் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். வாயால் எண்ணுவேன், எத்தனை வேண்டுமானாலும் எண்ணுவேன். எழுதிக் காட்டினால் ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கோமதி எழுதுகிறாள். நான் பேசுவதை அவள் பள்ளிக்கூடத்துத் தமிழாக மாற்றிக்கொள்ளட்டும், ஆனால் மற்றவர்கள் பேசினதைப் பேசினபடியே எழுத வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு என் அப்பா பெயர். அதனால் உன்னை ஒரு நாளும் "ஏலே" என்று கூப்பிட்டதில்லை, ஐயா என்றுதான் கூப்பிட்டேன். இன்றைக்கு நான் சொல்லப் போகிற விஷயம் என் அப்பாவிடம் சொல்வது மாதிரியும் இருக்கிறது. அதுவும் ஒரு கஷ்டம்.

அந்த மாடி லாட்ஜ் உனக்கு நினைவிருக்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து மேலகரம் வழியாகக் கூட்டிப் போயிருக்கிறேன். ஆபீஸ் அறையில் முதலாளியின் மேஜைக்கு நேர் மேலே ஒரு மணிப் பலகை இருந்தது. மதுரையிலிருந்து வரவழைத்த தேக்குமரப் பலகை, முன்னால் கண்ணாடி, கண்ணாடியில் தங்கநிறத்தில் எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே ஒரு சின்னத் தகர மூடி. அறையில் தங்கியிருக்கிறவர் சுவரில் இருக்கிற பொத்தானை அமுக்கினால் ஆபீஸில் மணி அடிக்கும், அந்த அறைக்குரிய மூடி டக்கென்று கீழே விழுந்து எண்ணைக் காட்டும். பலகைக்குக் கீழே ஸ்டூலில் மாசானம் உட்கார்ந்திருப்பான். எண்ணைப் பார்ப்பான், மூடியை மேலே தள்ளிவிடுவான், அந்த அறைக்கு ஓடுவான். காப்பியா, வெந்நீரா, டாக்ஸியா என்று கேட்டுக்கொண்டு வருவான். அவனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். அவனும் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஆனால் முதலாளி கிழித்துப் போடுகிற தேதிக் காகிதங்களைச் சேர்த்து வைத்து, ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரைக்கும் தானாகவே படித்துக்கொண்டான். அதில் அவனுக்கு அத்தனை பெருமை. "அண்ணாச்சி, நீங்க வயரைப் பாத்துக்கிடுங்க. நம்பரை நான் பாத்துக்கிடுதேன்" என்பான். எனக்கு எண் தெரியாது என்பதை அதைவிட மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

பலகைக்குப் பின்னால் இருந்தது என் ராஜ்யம். அறைக்கு ஒரு வயர். எல்லாம் கூரையை ஒட்டி மரச்சட்டத்துக்குள் ஓடி வந்து பலகைக்குப் பின்னால் சேரும். எனக்கு எண் தெரியாததால் தையற்கடையில் நூல் வாங்கி, அறைக்கு ஒரு நிறமாக வயரின் முனையில் கட்டி வைத்தேன். கீழே கடைசியில் இருந்த கிணற்றடி அறைக்குச் சிவப்பு. மாடியில் இரண்டாவது அறைக்கு மஞ்சள். அந்த அறை ஜன்னலில் எப்போதும் குரங்கு வந்து உட்காரும், அதனால் அது எனக்குக் குரங்கு ஜன்னல் அறை. முதல் வருஷம் இரண்டு முனையிலும் நூல் கட்டினேன். அறைப் பக்கத்து முனையில் ஒன்று, பலகைப் பக்கத்து முனையில் ஒன்று. இரண்டாவது வருஷம் சோம்பல் வந்தது. பலகைப் பக்கம் மட்டும் போதும், மறுமுனை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். ஐயா, எனக்குத் தெரியும் என்பது உண்மைதான். இன்றைக்கும் தெரியும். எந்த வயர் எந்த உத்தரத்தைச் சுற்றிப் போனது, எந்த இடத்தில் எலி கடித்து நான் ஒட்டுப் போட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்ததுதான் முதல் தப்பு.

முதலில் பன்னிரண்டு அறை. அப்புறம் மாடியில் இரண்டு சேர்ந்தது. சமையல்கட்டை இடித்து அந்தப் பக்கம் மாற்றினார்கள், பழைய சமையல்கட்டுக்குப் போன வயர் அப்படியே கிடந்தது. ஆபீஸை ஒரு தடவை இடம் மாற்றினார்கள், பழைய வயர்களுக்கு ஒட்டுப் போட்டு நீட்டினேன். ஒவ்வொரு தடவையும் பழசை உருவி எறிந்துவிட்டுப் புதுசாக ஓட்ட வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றும். முதலாளியிடம் சொன்னால், "எதுக்குவே அத்தனையையும் உருவிக்கிட்டு. அது பாட்டுக்குக் கிடக்கட்டும். சாரல் விழுந்தாச்சி, ஆளு வந்து நிக்கான். ரூமு எப்பத் தயாராகும், அதைச் சொல்லும்" என்பார். நானும் சரி என்று பழசுக்கு மேலேயே புதுசை ஓட்டுவேன். யாருக்கும் சொந்தமில்லாத வயர் ஏழெட்டு அதில் கிடந்தது. உயிர் இல்லாத வயர் என்ன செய்துவிடும் என்று கேட்பாய். அது ஒன்றும் செய்யாது. உயிருள்ள வயரைத் தேடுகிறவனுடைய கண்ணை மறைக்கும், அவ்வளவுதான். உன் அறையிலும் அப்படி எத்தனையோ கிடக்கும். ஒரு வயருக்கு வேலை முடிந்த அன்றைக்கே அதை உருவிவிடு. நாளைக்கு என்று வைத்தால் அது உன் பேரன் காலம் வரைக்கும் அங்கேயே தொங்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அசிங்கமாக இருந்தாலும். ஒரு வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை. பத்திய நாளில் லாட்ஜில் மணி அடிக்கவில்லை என்று கடையத்திலிருந்து ஒரு வயர்மேனைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவன் பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ன வே, சடைவிழுந்த தலை மாதிரி இருக்கு. கட்டினவன் வந்தாத்தான் ஆச்சி" என்று சொல்லித் திருப்பி மூடிவிட்டுப் போய்விட்டான். மாசானம் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தான். படுத்துக் கிடந்த எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். நான் இல்லாமல் அந்த லாட்ஜில் ஒரு மணி அடிக்காது என்பது அன்றைக்கு எனக்குப் பட்டம் கட்டின மாதிரி இருந்தது. இன்னொருவன் வந்து திறந்து பார்த்துப் புரியாமல் போகிறான் என்றால் நம் வேலை கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது எட்டாம் நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். ராசியில்லை என்று எட்டாம் நம்பர் அறையை யாரும் எடுக்க மாட்டார்கள். சீசன் நேரத்தில் இடம் கிடைக்காமல் நிற்கிறவர்கள்கூட, எட்டு என்றால் "வேற இல்லையா" என்பார்கள். முதலாளி ஒரு ஆனி மாதத்தில் பெயின்டரைக் கூப்பிட்டு எட்டையே எடுத்துவிடச் சொன்னார். எட்டு ஒன்பதாயிற்று, ஒன்பது பத்தாயிற்று, கடைசி அறை வரைக்கும் ஒவ்வொன்றும் ஒரு எண் ஏறியது. கிணற்றடி அறை பத்து. குரங்கு ஜன்னல் அறை பன்னிரண்டு. பலகையில் பதினாறு மூடி இருந்ததால் இடத்துக்குப் பஞ்சமில்லை. பலகையின் கண்ணாடியில் இருக்கிற எண்ணையும் பெயின்டர் மாற்றி எழுதியிருக்கலாம். முதலாளிக்கு மனசு வரவில்லை. "மதுரையில எழுதின எழுத்துவே அது. இவன் கையை வச்சான்னா நாசமாப் போவும். நீரு பின்னால வயரை ஒண்ணொண்ணு தள்ளிப் போட்டுரும்" என்றார். நான் பெருமையாகத் தலையை ஆட்டினேன். ஒரு பெயர் மாறினால் பெயர்ச்சீட்டை மாற்ற வேண்டும், வயரை மாற்றக் கூடாது. இதை அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

பலகையைத் திறந்து எல்லா வயரையும் கழற்றிவிட்டேன், அப்புறம்தான் நூலைப் பார்த்தேன். மூன்று சீசன் சாரல் ஈரம் குடித்து நூலில் பாதி சாயம் போயிருந்தது. பச்சை தெரிந்தது, கறுப்பு தெரிந்தது. கிணற்றடி அறையின் சிவப்பும் குரங்கு ஜன்னல் அறையின் மஞ்சளும் வெளுத்து ஒரே அழுக்கு நிறமாக இருந்தன. எது எது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். யாராவது அறைக்குள் போய்ப் பொத்தானை அமுக்க வேண்டும், நான் இங்கே எந்த மூடி விழுகிறது என்று பார்க்க வேண்டும். மாசானம் எழுந்தான். முதலாளி, "ஏலே, கிணத்தடி ரூம்ல பெரியவரு இப்பத்தான் சாப்பிட்டுப் படுத்திருக்காரு. கதவைத் தட்டிக்கிட்டு நிக்காதே. மாடியில அந்த ரூமும் பூட்டிக் கெடக்கு. வேய், உமக்குத் தெரியாதா எது எதுன்னு?" என்றார். எனக்குத் தெரியாதா என்று அவர் கேட்டுவிட்டார். பத்துப் பேர் நிற்கிற இடத்தில் கேட்டுவிட்டார். நான் இரண்டு வயரையும் விரலால் தடவிப் பார்த்தேன், இதுதான் கிணற்றடி என்று மனசுக்குள் முடிவு கட்டினேன், அவசரமாக இரண்டு முறுக்குப் போட்டுச் சேர்த்தேன், பலகையை மூடினேன். நாளைக்கு அவர் குளிக்கப் போகும்போது சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கு எனக்குச் சுரண்டையில் ஒரு கடையில் வேலை இருந்தது. மறுநாளும் அங்கேதான்.

அந்தப் பெரியவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அவரும் மனைவியும் வந்திருந்தார்கள். நான் பலகையை மூடினதிலிருந்து அவரோ மாடி அறைக்காரர்களோ மணி அடிக்கவில்லை, வேண்டியதை நேரே ஆபீஸில் வந்து கேட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் நல்ல சாரல், வானம் கறுத்துக் கிடந்தது. மனைவி பக்கத்து அறைப் பெண்களோடு அருவிக்குப் போயிருக்கிறாள். அவர் மட்டும் அறையில். மணி அடித்தது, மூடி விழுந்தது. மாசானம் பார்த்தான். பன்னிரண்டு. மாடி ஏறி ஓடினான். பன்னிரண்டாம் அறை வெளியே பூட்டிக் கிடந்தது. அந்த அறைக்காரர்கள் காலையிலேயே ஐந்தருவிக்குப் போய்விட்டார்கள். இறங்கி வந்து மூடியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான், மறுபடி மணி, மறுபடி பன்னிரண்டு. மறுபடி ஓடினான். பூட்டின அறைக்குள் யார் மணி அடிப்பார்கள்? வேறு ஊராக இருந்தால் வயரில் கோளாறு என்று யோசித்திருப்பார்கள். குற்றாலத்தில் அதற்குப் பதில் தயாராக இருந்தது. போன சீசனில் ஒரு குரங்கு அந்த ஜன்னல் வழியாக உள்ளே போய் உண்மையாகவே பொத்தானை அமுக்கி விளையாடியிருக்கிறது. மாசானம் கம்பை எடுத்துக்கொண்டு மூன்றாம் தடவை போய் ஜன்னல் பக்கம் தட்டிவிட்டு வந்தான். நான்காம் தடவை மணி அடித்தபோது சமையற்காரர் உள்ளேயிருந்து, "ஏ மாசானம், தொரை காப்பி கேக்காரு. வாலைச் சுருட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு, கொண்டுபோய்க் குடு" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மாசானமும் சிரித்தான். ஐந்தாம் தடவை அவன் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை.

ஈரப் புடவையோடு வந்த அந்த அம்மாள்தான் கதவைத் திறந்து பார்த்தாள். சுவர் ஓரமாகக் கிடந்தார், கை பொத்தானுக்கு நேரே நீட்டினபடி இருந்தது என்று சொன்னார்கள். தென்காசியிலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாயிற்று என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.

நான் சாயந்தரம் தற்செயலாகத்தான் அங்கே போனேன், வரவேண்டிய கூலி பாக்கியை வாங்க. ஆபீஸில் கூட்டம். அந்த அம்மாள் தூணில் சாய்ந்துகொண்டு, "மணி அடிச்சிருப்பாகளே, அடிக்காம இருந்திருக்க மாட்டாகளே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். முதலாளி மாசானத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

"மணி அடிச்சுதாலே?"

"அடிச்சுது முதலாளி. அஞ்சு தடவை. பன்னெண்டாம் நம்பரு."

"பன்னெண்டு பூட்டிக் கெடக்கு. அடிச்சது பத்து. பத்தைப் பாத்துட்டுப் பன்னெண்டுன்னு மாடிக்கு ஓடியிருக்கே. காலண்டரைக் கிழிச்சுப் படிச்ச பயதானே நீ."

"இல்ல முதலாளி. பன்னெண்டுதான். ஒண்ணு, பக்கத்துல ரெண்டு."

"அஞ்சு தடவையுமா?"

"அஞ்சு தடவையும்."

அப்புறம் அவன் என்னைப் பார்த்தான். கூட்டத்தில் கடைசியில் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு என்று அவன் வாயிலிருந்து வந்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு வயரும் கண்முன்னால் வந்துவிட்டன. அவன் கேட்டான், "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. பலகை சரியாத்தானே இருக்கு?"

ஐயா, அவன் என்னைக் குற்றம் சாட்டவில்லை. பலகையில் தப்பு இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பலகை சரி, தன் கண்ணும் சரி, அப்படியானால் நடந்தது என்ன என்று புரியாமல் கேட்டான்.

"பலகை சரியாத்தான் இருக்கு" என்று சொன்னேன்.

கோமதி பேனாவை வைத்துவிட்டாள். "இதை எழுதவா அப்பா?" என்கிறாள். எழுது என்றேன்.

உனக்கு அப்போது எட்டு வயது, இவள் கைப்பிள்ளை. உங்களை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிடலாம், நீயும் நம்புவாய். அது பொய். அந்த நேரத்தில் உங்கள் முகம் எனக்கு நினைவு வரவில்லை. "உமக்குத் தெரியாதா" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டாரே, அந்தப் பெயர் போய்விடக் கூடாது என்பதுதான் நினைவில் இருந்தது. மாசானம் இன்னொரு தடவை "பன்னெண்டுதான்" என்றான். அதற்கடுத்த தடவை, "பன்னெண்டு மாதிரித்தான் தெரிஞ்சுது" என்றான். எல்லோரும் கலைந்த பிறகு பலகையைத் துடைப்பது போல் திறந்து இரண்டு வயரையும் வெட்டி இடம் மாற்றி, மறுபடி முறுக்கி மூடினேன். மறுநாள் யார் சோதித்துப் பார்த்தாலும் பத்து பத்தில் விழும். மாசானத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

அவன் பெரிய அருவிக்குப் போய் எண்ணெய் தேய்க்கிற வேலையில் சேர்ந்தான். கை நல்ல கை, ஆள் சேர்ந்தது. வேலை மட்டும் போயிருந்தால் நான் இத்தனை வருத்தப்பட்டிருக்க மாட்டேன். இரண்டு சீசன் கழித்து ஒரு லாட்ஜில் விசிறி மாட்டிக்கொண்டிருந்தேன். அறைகளில் வயதானவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட மாசானத்தைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு வராந்தாவில் ஒரு கதவுக்கு முன்னால் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தான். தட்டவில்லை. அந்த வழியாகத் துணி காயப்போடப் போன ஒரு பெண்ணை நிறுத்தி, "அம்மா, இது ஏழுதானே? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டான். கண்ணுக்கு நேராக ஏழு என்று பெரிதாக எழுதியிருக்கிறது என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டுத் தட்டினான். நான் ஏணியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கவனித்தேன், அவன் எந்தக் கதவையும் யாரிடமாவது கேட்காமல் தட்டுவதில்லை. காலண்டரைக் கிழித்துத் தானாகப் படித்தவன் தன் கண்ணை நம்புவதை விட்டுவிட்டான். ஒரு மனிதன் பத்தைப் பன்னிரண்டு என்று படித்து ஒரு உயிரைப் போக்கிவிட்டதாக இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறான், அதற்குக் காரணம் சாயம் போன இரண்டு நூல்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சீசனுக்கும் நினைப்பேன். ஆனியில் நினைத்தால் ஆடியில் சொல்லலாம் என்பேன். ஆவணி வந்தால் அவன் ஊருக்குப் போய்விடுவான். நாளைக்குச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றேனே, அதே நாளைக்குத்தான் இதுவும்.

இந்த ஆனி மாதம் முதலாளியின் மகன் ஆள் அனுப்பினார். அறைக்கு அறை டெலிபோன் வைக்கப் போகிறார்களாம். திருநெல்வேலியிலிருந்து வந்த வயர்மேன்கள் பழைய வயரில் எதை வெட்டுவது, எதில் இன்னும் கரண்டு வருகிறது என்று தெரியாமல் நிற்கிறார்களாம். போனேன். எனக்கு இப்போது இடது கண்ணில் புரை, இருந்தாலும் கை மறக்கவில்லை. தொட்டுத் தொட்டுச் சொன்னேன், அவர்கள் சீட்டு எழுதி ஒட்டினார்கள். கிணற்றடி வயரையும் குரங்கு ஜன்னல் வயரையும் தொட்டபோது அந்தப் பழைய முறுக்குகள் விரலில் பட்டன. மற்ற எல்லாவற்றிலும் ஒரு முறுக்கு, நிதானமாகப் போட்டது. இந்த இரண்டில் மட்டும் அவசர முறுக்கு, வெட்டின அடையாளம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு முறுக்கு. இடம் மாற்றினதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதுதான். மாசானத்தைக் கூட்டி வந்து அவன் விரலை எடுத்து இதன்மேல் வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. "தம்பி, இந்த ரெண்டை மட்டும் நான் வாரவரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அருவிக்கு நடந்தேன்.

கூட்டத்தில் அவனைத் தேடிப் பிடித்து, கையில் ஒரு ஆள் இருக்கிறார் என்று அவன் சொல்ல, எண்ணெய் தேய்த்து முடிகிற வரைக்கும் காத்திருந்து, கூட்டிக்கொண்டு வரும்போது இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. நான் சொல்லிவிட்டு வந்த பையன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வேறு இரண்டு பேர் வந்து எல்லாவற்றையும் இழுத்துப் போட்டிருந்தார்கள். முற்றத்தில் மழையில் ஒரு குவியல். பலகை சுவரில் இல்லை. நான் அந்தக் குவியலில் உட்கார்ந்து தேடினேன், ஐயா. எல்லா முனையையும் ஒரே நீளத்துக்கு வெட்டிச் சுருட்டியிருந்தார்கள். மாசானம் பக்கத்தில் குந்திக்கொண்டு, "என்ன அண்ணாச்சி தேடுதீக, நானும் தேடுதேன்" என்று கையை விட்டான். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே என்னோடு தேடினான்.

அங்கேயே சொன்னேன். "மாசானம், அன்னைக்கு நீ பாத்தது பன்னெண்டுதான். அஞ்சு தடவையும் பன்னெண்டுதான் விழுந்தது. வயரை நான்தான் மாத்திப் போட்டுட்டேன். உன் கண்ணு சரி."

அவன் கையை நிறுத்தினான். பிடித்திருந்த வயரைக் குவியலில் போட்டான்.

"விடுங்க அண்ணாச்சி. எனக்காவ எதுக்கு இப்படியெல்லாம் சொல்லுதீக."

"உனக்காவ இல்லைலே. நடந்தது அதுதான்."

"உங்களுக்கு மனசு கேக்கல, அதான். வயசாயிட்டா எல்லாத்தையும் தன் மேல போட்டுக்கிடத் தோணும். எங்க அப்பனுக்கும் அப்படித்தான் இருந்துது." என் முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டான். "அன்னைக்கே எல்லார் முன்னாலயும் நான் உங்களைத்தானே கேட்டேன். பலகை சரின்னு நீங்கதானே சொன்னீக. நீங்க பொய் சொல்லுத ஆளா?"

காட்ட என்னிடம் நூல் இல்லை, முறுக்கு இல்லை, ஒரு காகிதம் இல்லை. என் தலைக்குள் இருப்பது மட்டும் இருந்தது. தலைக்குள் இருப்பதை யார் பார்க்க முடியும்? நீ கேட்டாயே, எப்படித் தலையிலேயே வைத்திருந்தீர்கள் என்று. இப்படித்தான் வைத்திருந்தேன்.

நீ எழுதத் தெரிந்தவன். ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் எழுது. அழியாத மையில் எழுது. உனக்குப் புரிகிற மாதிரி எழுதாதே, உன்னைத் தெரியாதவனுக்கு, உன் மேல் கோபமாக இருக்கிறவனுக்கு, உன்னைத் தப்பென்று நிரூபிக்க வருகிறவனுக்குப் புரிகிற மாதிரி எழுது. மாற்றினால் என்றைக்கு மாற்றியது, யார் மாற்றியது என்று எழுது. மறுமுனையில் ஒரு ஆளை நிறுத்திச் சோதிக்காமல் பலகையை மூடாதே, உள்ளே யார் தூங்கினாலும் சரி. "உமக்குத் தெரியாதா" என்று எவனாவது கேட்டால், தெரியாது என்று சொல்.

இதையெல்லாம் சொல்லி உன்னைக் காப்பாற்றலாம். மாசானத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நீ படித்தவன், வயர் வேலையில் இருக்கிறவன், தீபாவளிக்கு வரும்போது நீ சொன்னால் நம்புவானோ என்னவோ. அப்பா சொல்லச் சொன்னதாக நினைத்துச் சிரித்துவிடுவான் என்றுதான் தோன்றுகிறது.

அன்றைக்கு முற்றத்திலிருந்து எழுந்த பிறகு, "ஒரு பார்ட்டி காத்திருக்கு அண்ணாச்சி, ஒன்பதாம் நம்பர். பக்கத்து லாட்ஜுதான். கூட வாங்க, முடிச்சுட்டு ரெண்டு பேரும் காப்பி சாப்பிடுவோம்" என்றான். போனேன். நீள வராந்தா, யாரும் இல்லை, எல்லோரும் குளிக்கப் போயிருந்தார்கள். ஒரு கதவுக்கு முன்னால் நின்றான். கிண்ணத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது ஒன்பதுதானே?"

கதவில் எழுதியிருந்ததை எனக்குப் படிக்கத் தெரியாது. அது அவனுக்கும் தெரியும், அந்த நேரத்தில் மறந்துவிட்டான். நான் படிக்கட்டிலிருந்து கதவுகளை எண்ணினேன். எட்டாவது கதவு. அந்த லாட்ஜிலும் எட்டு கிடையாது, அதனால் எட்டாவது கதவு ஒன்பது.

"ஒன்பதுதான்" என்றேன்.

உடனே தட்டினான். உள்ளேயிருந்து, வாங்க என்று குரல் வந்தது. மாசானம் என்னைத் திரும்பிப் பார்த்து, "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

ஐயா, இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரிந்தால் எழுது. கோமதி வாசித்துக் காட்டுவாள்.

உன் அப்பா